பெருந்தொற்றுக் காலத்தில் வெளிநாட்டில் மாட்டிக்கொண்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 ஜனவரி 23, அதிகாலை 2 மணி வாக்கில் சீனாவின் வூஹான் நகரில் ஓர் அறிவிப்பு வந்தது. காலை 10 மணியிலிருந்து ரயில், விமானம், பேருந்து எதுவும் நகரைவிட்டு வெளியே போகாது. கையில் இருந்தது எட்டு மணி நேரம். அதிலும் பாதி நேரம் ஊர் தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் உலகம் முழுக்க இதேதான் வெவ்வேறு அளவில் நடந்தது. சில இடங்களில் எட்டு மணி நேரம், சில இடங்களில் மூன்று நாள். வெளிநாட்டில் படிக்கிறவர்கள், வேலை பார்க்கிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்கப் போன வயதான பெற்றோர் எல்லோரும் அப்போது திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பதில்களுக்கு அடிப்படை கோவிட்-19 காலத்தில் நடந்தவை. அடுத்து வரும் நோய் வேறாக இருக்கலாம். எல்லைகள் மூடப்படும் விதமும், கவுன்டரில் பயணிகள் திருப்பி அனுப்பப்படும் காரணங்களும் அவ்வளவாக மாறப்போவதில்லை.

இங்கேயே இருந்துவிடலாமா, கிளம்பிவிடலாமா?

மூன்று விஷயங்களைப் பாருங்கள். சட்டப்படி எத்தனை நாள் தங்க முடியும்? வருமானம் நின்றால் எத்தனை நாள் சமாளிக்க முடியும்? நோய் வந்தால் அந்த நாட்டு மருத்துவமனை உங்களைச் சேர்த்துக்கொள்ளுமா, செலவு யாருடையது?

வீடு, வேலை, மருத்துவக் காப்பீடு மூன்றும் அங்கே இருக்கிறவர்கள் இருக்கிற இடத்திலேயே இருப்பது பல நேரம் நல்லது. நெரிசலான விமான நிலையத்தில் பத்து மணி நேரம் நிற்பதே ஆபத்துதான். ஆனால் சுற்றுலா விசாவிலோ குறுகிய கால விசாவிலோ இருப்பவர், வழக்கமான விமானங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட வேண்டும். டிக்கெட் விலை குறையட்டும் என்று காத்திருந்தால் தவிக்க வேண்டி வரலாம்.

"அரசாங்கம் மீட்பு விமானம் அனுப்பும்" என்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஜெர்மனி 2020 மார்ச் 17-இல் அறிவித்துவிட்டுச் சில வாரங்களில் சுமார் 2,40,000 பேரை அழைத்துவந்தது. அவர்களுக்குப் பிறகு பயணக் கட்டணத்துக்கான பில்லும் அனுப்பியது. இந்தியாவுக்கான வழக்கமான விமானங்கள் மார்ச் 22-இல் நிறுத்தப்பட்டன. வெளிநாட்டில் மாட்டிக்கொண்ட இந்தியர்களை அழைத்துவந்த வந்தே பாரத் திட்டத்தின் முதல் விமானங்கள் வந்தது மே 7-இல். நடுவே ஆறு வாரத்துக்கும் மேல்.

தடை அறிவிப்பு வந்துவிட்டது. உடனே டிக்கெட் எடுக்கட்டுமா?

முதலில் அறிவிப்பின் முழு வாசகத்தைப் படியுங்கள். டிவியில் சொன்னதும் வாட்ஸ்அப்பில் வந்ததும் போதாது. 2020 மார்ச் 11 இரவு, ஐரோப்பாவிலிருந்து வருவதற்குத் தடை என்று அமெரிக்க அதிபர் டிரம்ப் தொலைக்காட்சியில் அறிவித்தார். ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கர்கள் நள்ளிரவில் விமான நிலையங்களுக்கு ஓடினார்கள், கேட்ட விலைக்கு டிக்கெட் எடுத்தார்கள். அமெரிக்கக் குடிமக்களுக்கு அந்தத் தடை பொருந்தாது என்பது அதன் பிறகுதான் தெளிவாகச் சொல்லப்பட்டது.

வாசகத்தில் தேட வேண்டியவை இவை: எந்தத் தேதி, எந்த நாட்டு நேரப்படி; விமானம் கிளம்பும் நேரமா, இறங்கும் நேரமா; தடை குடியுரிமையை வைத்தா, கடந்த 14 நாளில் நீங்கள் இருந்த இடத்தை வைத்தா. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் தவறவிட்டார்கள். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையதாக இருந்தாலும், தடை போட்ட நாட்டில் இரண்டு வாரத்துக்குள் கால் வைத்திருந்தால் நுழைய முடியாது என்ற விதி பல இடங்களில் இருந்தது.

பயண எச்சரிக்கை, பயணத் தடை இரண்டும் ஒன்றா?

இல்லை. எச்சரிக்கை என்பது உங்கள் அரசு உங்களுக்குச் சொல்லும் அறிவுரை. பிரிட்டன் 2020 மார்ச் 17-இலும், அமெரிக்கா மார்ச் 19-இலும் உலகம் முழுமைக்குமே அப்படி எச்சரித்தன. மீறிப் போனால் பெரும்பாலும் தண்டனை கிடையாது, ஆனால் பயணக் காப்பீடு செல்லாமல் போகலாம். தடை என்பது சட்டம். அது உள்ளே வருவதற்கு மட்டுமல்ல, வெளியே போவதற்கும் வரலாம். ஆஸ்திரேலியா 2020 மார்ச் 25 முதல் 2021 நவம்பர் 1 வரை தன் குடிமக்களையே சிறப்பு அனுமதி இல்லாமல் வெளிநாடு போக விடவில்லை. "அப்பாவைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் திரும்பிவிடுகிறேன்" என்று கிளம்பும் முன், திரும்பி வர முடியுமா என்று பாருங்கள்.

தூதரகத்தில் பதிவு செய்வதால் என்ன பயன்?

நீங்கள் அங்கே இருப்பதே தூதரகத்துக்குத் தெரியாது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். விசா கொடுத்தது அந்த நாடு, டிக்கெட் விற்றது விமான நிறுவனம். இரண்டும் உங்கள் தூதரகத்துக்குத் தகவல் அனுப்புவதில்லை. விமானம் ஏற்பாடாகும்போது பட்டியல் பதிவிலிருந்துதான் தயாராகிறது. கர்ப்பிணிகள், முதியோர், மருத்துவத் தேவை உள்ளவர்கள், விசா முடிந்தவர்கள் என்று வரிசை போட்டுக் கூப்பிடுவார்கள். எனவே "குறிப்பு" என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். "எட்டாவது மாதம்", "வாரம் மூன்று டயாலிசிஸ்" என்று இரண்டு சொல்லாவது எழுதுங்கள். அந்த நாட்டில் வேலை செய்கிற தொலைபேசி எண்ணையே கொடுங்கள். வீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டு, அந்த சிம் அங்கே வேலை செய்யாததால் அழைப்பைத் தவறவிடுவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது. ஒரு குடும்பம் என்றால் ஒவ்வொருவர் பெயரும் பதிவாக வேண்டும், கைக்குழந்தை உட்பட.

தூதரகமே இல்லாத நாட்டில் இருந்தால், அந்த நாட்டுக்கும் சேர்த்துப் பொறுப்பு வகிக்கும் உங்கள் நாட்டுத் தூதரகம் எந்த அண்டை நாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக் குடிமக்கள் ஒன்றியத்தின் வேறொரு நாட்டுத் தூதரகத்திலும் உதவி கேட்கலாம்.

தூதரகம் என்ன செய்யும், என்ன செய்யாது?

1963-ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவுகள் ஒப்பந்தத்தின்படிதான் அவர்கள் வேலை நடக்கிறது. அவசரப் பயண ஆவணம் தருவார்கள். குடும்பத்துக்குத் தகவல் சொல்வார்கள். மருத்துவர், வழக்கறிஞர், மொழிபெயர்ப்பாளர் பட்டியல் தருவார்கள். நீங்கள் கைது செய்யப்பட்டால் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்டால்தான் அது நடக்கும், அதனால் கேளுங்கள். கையில் காசே இல்லாதவர்களுக்குச் சில நாடுகள் திருப்பிக் கட்ட வேண்டிய கடனாகவும், சில நாடுகள் நல நிதியிலிருந்தும் உதவும்.

அந்த நாட்டு ஊரடங்கிலிருந்து உங்களுக்கு விலக்கு வாங்கித் தர அவர்களால் முடியாது. தனிமைப்படுத்தும் முகாமிலிருந்து வெளியே எடுக்க முடியாது. மருத்துவமனைக் கட்டணத்தைப் பொதுவாகக் கட்ட மாட்டார்கள். அந்த நாட்டு மண்ணில் அந்த நாட்டுச் சட்டம்தான். இது தெரிந்தால் கோபம் கொஞ்சம் குறையும், சரியான இடத்தில் முயற்சி செய்யவும் முடியும்.

என் சொந்த நாடே என்னை உள்ளே விடாமல் இருக்க முடியுமா?

யாரையும் அவரவர் நாட்டுக்குள் நுழையும் உரிமையிலிருந்து தன்னிச்சையாகத் தடுக்கக்கூடாது என்று குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் பெரும்பாலான தடைகளில் குடிமக்களுக்கு விலக்கு இருக்கும். நடைமுறை வேறு. 2021 மே 3 முதல் மே 15 வரை, முந்தைய 14 நாளில் இந்தியாவில் இருந்தவர்கள் ஆஸ்திரேலியாவுக்கு வரத் தடை இருந்தது. குடிமக்களுக்கும்தான். மீறினால் ஐந்து ஆண்டுவரை சிறை அல்லது 66,600 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் என்று அறிவித்தார்கள்.

நியூசிலாந்து கதவை மூடவில்லை. தனிமை விடுதியில் அறை கிடைத்தால்தான் வரலாம் என்றது, அந்த அறைகளைப் பின்னர் குலுக்கல் முறையில் ஒதுக்கியது. அந்த முறை குடிமக்கள் நாடு திரும்பும் உரிமையை மீறியது என்று 2022 ஏப்ரலில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு சரிதான். ஆனால் அம்மாவின் கடைசி நாட்களைத் தவறவிட்டவர்களுக்கு அது தாமதமாக வந்த நியாயம். உரிமை இருக்கிறது என்பதை நம்பிக் கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

விசா முடியப் போகிறது, விமானமும் இல்லை. என்ன செய்வது?

முடிவதற்கு முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பித்த ரசீதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் மூடியிருந்தால் மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராவிட்டாலும், தேதியோடு நீங்கள் அனுப்பியது நாளை அபராதம் போடும் அதிகாரி முன்னால் உங்கள் பக்கத்துக்கு ஆதாரம்.

பல நாடுகள் தாமாகவே விசாக்களை நீட்டித்தன. அதை நம்பலாம், ஆனால் வாரம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஐக்கிய அரபு எமிரேட்ஸ், 2020 மார்ச் 1-க்குப் பிறகு முடிந்த விசாக்கள் ஆண்டு இறுதிவரை செல்லும் என்று முதலில் சொன்னது. ஜூலையிலேயே அந்த முடிவை மாற்றிவிட்டது. டிசம்பர்வரை கவலை இல்லை என்றிருந்தவர்கள் அவசர அவசரமாகப் புதுப்பிக்க ஓட வேண்டியதாயிற்று.

பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது.

ஒருமுறை மட்டும் தாய்நாடு திரும்புவதற்கான அவசர ஆவணத்தைத் தூதரகம் தரும். அதை வைத்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் போக முடியாது. வழியில் விமானம் மாறும் நாடு அதை ஏற்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

பரிசோதனைச் சான்றிதழ் இருந்தும் ஏன் திருப்பி அனுப்புகிறார்கள்?

தவறான ஆவணத்தோடு ஒருவரை ஏற்றிவிட்டால் அவரைத் திரும்பக் கொண்டுவரும் செலவும் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில். அதனால்தான் செக்-இன் கவுன்டரில் அவ்வளவு கறார்.

அங்கே இருப்பவர் சான்றிதழை வாங்கியதும் "நெகட்டிவ்" என்ற சொல்லோடு நின்றுவிடுவதில்லை. பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுவார். பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். அப்புறம் சோதனை வகை: பி.சி.ஆர். கேட்டிருந்தால் ரேபிட் டெஸ்ட் செல்லாது. அப்புறம் விரல் போய் நிற்பது நேரத்தில். பெரும்பாலான தாள்களில் இரண்டு நேரம் இருக்கும், மாதிரி எடுத்தது ஒன்று, முடிவு வந்தது இன்னொன்று. 72 மணி நேரம் என்பதைப் பல நாடுகள் மாதிரி எடுத்த நேரத்திலிருந்து எண்ணும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். திங்கள் காலை 9 மணிக்கு மாதிரி கொடுத்தீர்கள். விமானம் வியாழன் காலை 8.30-க்கு. அரை மணி நேரம் மிச்சம். விமானம் ஒரு மணி நேரம் தாமதமானால்? கெடு தாண்டிவிட்டது. தாமதத்துக்கு விலக்கு தரும் நாடும் உண்டு, தராத நாடும் உண்டு. இறங்கும் நேரத்தை வைத்து எண்ணும் நாடாக இருந்தால் உங்களுக்குத் தொடக்கத்திலேயே இடமில்லை. எனவே கிளம்புவதற்கு 48 மணி நேரத்துக்குள் மாதிரி கொடுங்கள், 24 மணி நேரத்தில் முடிவு தரும் ஆய்வகமாகப் பாருங்கள். தாள் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று பெயரைச் சரிபாருங்கள். ஓர் எழுத்துப் பிழையை ஆய்வகத்தில் ஐந்து நிமிடத்தில் திருத்தலாம், விமான நிலையத்தில் திருத்த முடியாது.

மொபைலில் இருப்பது போதும் என்று நினைக்காமல் இரண்டு அச்சுப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் இல்லாத போனோடு வரிசையில் நிற்பது போன்ற பதற்றம் வேறு இல்லை.

வழியில் வேறு நாட்டில் விமானம் மாறலாமா?

முடிந்தவரை நேரடி விமானம். இல்லாவிட்டால் எல்லாக் கட்டமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட் என்றால் பல இடங்களில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும். உள்ளே நுழையத் தடை என்றால் பயணம் அங்கேயே முடிந்தது.

பறக்கும்போதே விதி மாறவும் கூடும். 2021 நவம்பர் 26 அன்று ஒமிக்ரான் என்று பெயர் வைக்கப்பட்ட அதே நாளில் நெதர்லாந்து தென்னாப்பிரிக்க விமானங்களுக்குத் தடை போட்டது. ஏற்கெனவே வானத்தில் இருந்த இரண்டு விமானங்கள் ஆம்ஸ்டர்டாமில் இறங்கின. சுமார் 600 பயணிகள் மணிக்கணக்கில் விமானத்திலும் பிறகு பரிசோதனைக் கூடத்திலும் காக்க வைக்கப்பட்டார்கள். 61 பேருக்குத் தொற்று உறுதியானது. இப்படி ஒரு நாளுக்காகவே கைப்பையில் ஒரு மாற்றுடை, மூன்று நாள் மருந்து, சார்ஜர், பிஸ்கட், குழந்தைக்குப் பால் பவுடர் இருக்க வேண்டும்.

தனிமைப்படுத்தல் செலவு யாருடையது?

பெரும்பாலும் உங்களுடையது. இங்கிலாந்து 2021 பிப்ரவரியில் ஹோட்டல் தனிமையைத் தொடங்கியபோது ஒருவருக்கு 1,750 பவுண்டு, ஆகஸ்டில் 2,285 பவுண்டு. டிக்கெட் விலையோடு இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தவணை வசதி, வருமானம் குறைந்தவர்களுக்கான விலக்கு உண்டா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். வீட்டுத் தனிமை அனுமதிக்கப்பட்டால், வீட்டில் முதியவர் இருக்கிறாரா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

தடுப்பூசி போட்டிருந்தால் தாராளமாகப் போகலாமா?

எந்தத் தடுப்பூசி, எந்த நாட்டுச் சான்றிதழ் என்பதும் பார்க்கப்படும். இந்தியாவில் தயாரான கோவிஷீல்டு, ஆஸ்ட்ராஜெனகாவின் அதே தடுப்பூசிதான். ஆனாலும் 2021 செப்டம்பரில் பிரிட்டன் வெளியிட்ட விதிகளில், இந்தியாவில் போட்டுக்கொண்டவர்கள் போடாதவர்களாகவே கருதப்பட்டார்கள். அக்டோபர் 11-இல்தான் அது சரியானது.

பழைய மஞ்சள் அட்டையை, அதாவது சர்வதேசத் தடுப்பூசிச் சான்றை, மறக்க வேண்டாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று, ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்து செல்லும். 2016 ஜூலை 11 முதல் அது வாழ்நாள் முழுக்கச் செல்லுபடியாகும்.

காப்பீடும் ரீஃபண்டும்?

பல பயணக் காப்பீடுகளில் பெருந்தொற்றுக்கு விலக்கு இருக்கும். நோய்ப் பரவல் ஊரறிந்த பிறகு வாங்கிய பாலிசி அதே நோயால் ரத்தாகும் பயணத்துக்குப் பொதுவாகப் பணம் தராது. மருத்துவச் செலவு வேறு, பயண ரத்து வேறு. இரண்டையும் தனித்தனியாகப் படியுங்கள்.

விமானத்தை நிறுவனமே ரத்து செய்தால் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பணமாகவே திருப்பிக் கேட்கலாம், வவுச்சர் உங்கள் விருப்பம். அமெரிக்காவும் 2020 ஏப்ரலில் இதையே நிறுவனங்களுக்கு நினைவூட்டியது. பயந்துபோய் நீங்களாகவே முதலில் ரத்து செய்தால் இந்த உரிமை போய்விடும். சரி, பறக்கப்போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தாலும், அவர்கள் ரத்து செய்கிறார்களா என்று கடைசி நாள்வரை பொறுத்துப் பாருங்கள்.

தினமும் சாப்பிடும் மருந்து தீர்ந்துகொண்டிருக்கிறது.

இன்றைக்கே எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பி எண்ணுங்கள். இரத்த அழுத்த மாத்திரை 22, சர்க்கரைக்கு 31, தைராய்டுக்கு 9 என்று தாளில் எழுதினால், எது முதலில் தீரும் என்று தெரிந்துவிடும். நாள் நெருங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே உள்ளூர் மருத்துவரைத் தொலைபேசியில் பிடியுங்கள். அட்டையில் இருக்கும் கம்பெனிப் பெயர் அங்கே தெரியாது. மருந்தின் மூலப் பெயரையும் மில்லிகிராம் அளவையும் சொல்லுங்கள். வீட்டிலிருந்து பார்சலில் அனுப்பச் சொல்லும் முன் விசாரியுங்கள். சில இருமல் மருந்துகளில் இருக்கும் கோடீன் என்ற பொருள் அங்கே கட்டுப்படுத்தப்பட்ட பொருளாக இருக்கலாம், அனுப்புகிறவரோ வாங்குகிறவரோ வழக்கில் மாட்டுவார்கள். மாத்திரை தீர்ந்துவிடும் என்று பாதி பாதியாகச் சாப்பிட ஆரம்பிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

கிளம்பும் முன் தொற்று உறுதியாகிவிட்டது.

பறக்காதீர்கள். விமானத் தேதியை மாற்றுங்கள், தூதரகத்துக்குச் சொல்லுங்கள். குணமான பிறகும் பி.சி.ஆர். பல வாரம் பாசிட்டிவ் காட்டக்கூடும். அதற்காகவே குணமடைந்ததற்கான மருத்துவர் சான்றைச் சில நாடுகள் ஏற்றன. அமெரிக்காவில் அப்போது அது 90 நாள்வரை செல்லுபடியானது. முதல் பாசிட்டிவ் முடிவுத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கணவன் ஒரு நாடு, மனைவி ஒரு நாடு. சேர்ந்து போக முடியுமா?

எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் நம்ப வேண்டாம். 2020 ஜனவரி இறுதியில் பிரிட்டன் வூஹானுக்கு மீட்பு விமானம் அனுப்பியபோது, சீனக் குடியுரிமை உள்ள துணைவர்கள் ஏற முடியாது என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. பிறகு அனுமதி கிடைத்தது. திருமணச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றின் மொழிபெயர்ப்பைத் தயாராக வையுங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களை, அவர்கள் இருக்கும் நாடு தன் குடிமக்களாகவே நடத்தலாம். அப்போது இன்னொரு நாட்டுத் தூதரகத்தின் கை கட்டப்பட்டுவிடும்.

கப்பலில் இருக்கிறேன்.

கப்பலுக்குத் துறைமுகம் கிடைப்பதே சந்தேகம். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். 700-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று வந்தது. வெஸ்டர்டாம் கப்பலைப் பல துறைமுகங்கள் மறுத்த பிறகு கம்போடியா ஏற்றுக்கொண்டது. கப்பல் ஊழியர்கள் நிலை இன்னும் மோசம். 2020 இறுதியில் சுமார் 4,00,000 மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கடலிலேயே இருந்தார்கள். ஊழியர் என்றால் உங்கள் சங்கம், கப்பலின் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாடு, உங்கள் நாட்டுக் கப்பல் துறை, மூன்றுக்கும் எழுதுங்கள்.

அங்கே இறந்தவரின் உடலைக் கொண்டுவர முடியுமா?

தொற்றால் இறந்தவரின் உடலை வெளியே அனுப்ப பல நாடுகள் மறுத்தன. அங்கேயே அடக்கம் அல்லது தகனம் என்ற முடிவைச் சில மணி நேரத்தில் எடுக்க வேண்டி வரும். தூதரகத்தின் அவசர எண்ணில் பேசி, அஸ்தியைப் பின்னர் பெற முடியுமா, குடும்பம் வீடியோவில் பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். உறவினர் கேட்கும் நிலையில் இல்லாவிட்டால் நண்பர் ஒருவர் கேட்கட்டும். இறப்புச் சான்றின் மூலப் பிரதிகள் குறைந்தது மூன்று வாங்குங்கள்.

மீட்பு விமானத்தில் இடம் தருவதாக ஒருவர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். பட்டியலில் இருப்பவர்களுக்குத் தூதரகமோ விமான நிறுவனமோதான் நேரடியாகத் தகவல் சொல்லும். வந்த எண்ணுக்குத் திருப்பிப் பேசாமல், தூதரக இணையதளத்தில் உள்ள எண்ணைத் தேடி எடுத்துப் பேசுங்கள். பாஸ்போர்ட் படத்தையும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

வீடு வந்து சேர்ந்துவிட்டேன். இனி என்ன?

தனிமை நாட்களை முழுமையாக முடியுங்கள். போர்டிங் பாஸ், சோதனை ரசீது, ஹோட்டல் பில், ரத்தான டிக்கெட், தூதரகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். ரீஃபண்ட் வர மாதங்கள் ஆகலாம், காப்பீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தாள் கேட்பார், மீட்பு விமானக் கட்டணத்துக்கான பில்லும் தாமதமாக வரலாம். தூதரகப் பதிவில் "நாடு திரும்பிவிட்டேன்" என்று குறித்துவிடுங்கள். அடுத்த விமானத்துக்கான பட்டியலில் உங்களுக்குப் பின்னால் ஒருவர் காத்திருக்கிறார்.